முக்காலியா, நாற்காலியா?

தலைப்பைப் பார்த்து இது ஏதோ மரச் சாமான் சமாசாரம் என்று நினைத்து விடாதீர்கள். மோட்டார் கார் சமாசாரம். "ஐயோ, அதெல்லாம் ஆண்கள் விஷயம்" என்று அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் பொறுங்கள். கார் ஆண்களுடையதாகவே இருக்கட்டும். கார் ஷெட் யார் வீட்டில் இருக்கிறது? அங்கே ஓடி விளையாடுவது யார் குழந்தைகள்? 150 கிலோ இரும்பு ஒன்று அந்த ஷெட்டில் அந்தரத்தில் நிற்கப் போகிறது என்றால், அதைத் தாங்குகிற சாமான் எப்பேர்ப்பட்டது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தானே?

நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் காரியாலயத்தில் பக்கத்து மேஜைக்காரர், "மோர்க்குழம்புக்குப் பக்கத்தில் எஞ்சினா!" என்று சிரித்தார். சிரிக்கட்டும். ஆட்டுக்கல்லை நகர்த்தி வைக்கவும், நிறைகுடத்தைச் சிந்தாமல் இறக்கவும் தெரிந்தவர்களுக்குப் பாரத்தைப் பற்றி அவர் ஒன்றும் புதிதாகச் சொல்லிக் கொடுத்து விட முடியாது.

எங்கள் மாமனாரிடம் 1978-ம் வருஷத்து அம்பாஸடர் கார் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் பிறந்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் நம் தேசத்துக் காராக மாறி, 2014-ல் உற்பத்தி நின்று போன அதே வண்டிதான். உங்களில் பலர் அதில்தான் மணக்கோலத்தில் புக்ககம் போயிருப்பீர்கள். நாலு சிலிண்டர், 1489 சி.சி. எஞ்சின், வார்ப்பு இரும்பினால் ஆனது. இந்தக் காலத்துக் கார்களைப் போல் அலுமினியம் சேர்த்துப் பாரத்தைக் குறைத்தது அல்ல. வேண்டாத உறுப்புகளைக் கழற்றிய பிறகும் சுமார் 150 கிலோ என்று கணக்கு வைத்துக் கொண்டால் தப்பில்லை.

சென்ற வருஷம் அந்த எஞ்சின் நீலப் புகை விட ஆரம்பித்தது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று அர்த்தமாம். நீலம் என்றால் ஆயிலே உள்ளே புகுந்து எரிகிறது. பிஸ்டன் ரிங்கு தேய்ந்து போய்விட்டது. எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும். ஒரு பட்டறையில் கேட்டதற்கு, "விட்டு விட்டுப் போங்கள், இரண்டு மாசம் ஆகும்" என்றார்கள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். "என் வண்டி எஞ்சினை என் கையாலேயே பிரித்துப் பூட்டுவேன். அதற்குக்கூட லாயக்கில்லாமல் போய்விட்டேனா?" என்று கேட்டார்.

அவருக்கு வயது 72. கைகள் இன்னும் இருபது வயதுப் பையன் கைகள் மாதிரி. முழங்கால்கள்தான் 72-ஐயும் தாண்டிப் போய்விட்டன. தரையில் குந்தக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். நம் ஊர்ப் பட்டறைகளில் என்ன செய்வார்கள் தெரியுமா? எஞ்சினை இறக்கி ஒரு பழைய டயரின் மேல் உட்கார வைப்பார்கள். பையன்கள் அதைச் சுற்றிக் குந்திக் கொண்டு, நாலு பேராக உருட்டிப் புரட்டி வேலை செய்வார்கள். பதினெட்டு வயசுக்கு அது சரி. மாமா அந்த மாதிரி ஒரு மணி நேரம் குந்தினால், மறுநாள் நாங்கள்தான் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்க வேண்டியிருக்கும்.

ஆகவே அவர் நின்று கொண்டே வேலை செய்கிற மாதிரி எஞ்சின் அவர் இடுப்பு உயரத்துக்கு வர வேண்டும். அதற்குத்தான் எஞ்சின் ஸ்டாண்டு.

அது எப்படி இருக்கும்? கீழே சக்கரம் வைத்த ஓர் இரும்புச் சட்டம். அதன் ஒரு கோடியில் ஓர் இரும்புக் குழாய் நிமிர்ந்து நிற்கும். உச்சியில் படுக்கை வசமாக ஒரு குட்டைக் குழாய். கழுத்து என்று வைத்துக் கொள்ளுங்கள். கழுத்துக்குள் சுழல்கிற தண்டு, தண்டின் முனையில் ஒரு தட்டு, தட்டில் நண்டுக்கால் மாதிரி நாலு கைகள். எஞ்சினின் முதுகில், கியர் பாக்ஸைக் கழற்றிய இடத்தில் போல்ட்டுத் துளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றில் இந்த நாலு கைகளையும் சேர்த்து முடுக்கி விட்டால் எஞ்சின் காற்றில் நிற்கும். தட்டைச் சுழற்றினால் எஞ்சினும் சுழலும், தலைகீழாகக்கூட நிறுத்தலாம். ஒரு மனிதர் நின்றபடியே மேலும் கீழும் பார்க்கலாம்.

இதை வைத்து எஞ்சினைக் காரிலிருந்து தூக்க முடியாது. தூக்குவதற்குக் கிரேன், தாங்குவதற்கு ஸ்டாண்டு. கிரேனை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். ஷெட்டின் தகரக் கூரையைத் தாங்குகிற இரும்பில் சங்கிலியைக் கட்டித் தூக்கி விடலாம் என்று எங்களிடம் ஒருவர் யோசனை சொன்னார். அந்த இரும்பு தகரத்தையும் மழையையும் தாங்கப் போட்டதே தவிர, எஞ்சினைத் தாங்கப் போட்டதல்ல. இந்த யோசனையை யார் சொன்னாலும் காப்பி கொடுத்து அனுப்பி விடுங்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க விரல் பத்தும் பத்தாவே இருக்கணும். குழந்தை கால்ல எதுவும் விழக் கூடாது. இதுக்கு யாராவது பொறுப்பு ஏத்துக்கிட்டா எஞ்சினைப் பிரிங்க. இல்லேன்னா வண்டியை வித்துடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீதான் நாலு பேரைக் கேட்டு எழுதறவளாச்சே, நீயே விசாரிச்சு வாங்கு" என்று தீர்ப்பும் சொல்லி விட்டார்.

விசாரித்ததில் மூன்று வழிகள் இருந்தன. கைபேசியில் படம் பார்த்து வீட்டுக்கு வரவழைப்பது ஒன்று. தெருக்கோடி வெல்டிங் கடையில் சொல்லிச் செய்து கொள்வது இரண்டாவது. கடை கடையாக ஏறி இறங்கிக் கண்ணால் பார்த்து வாங்குவது மூன்றாவது. என் வீட்டுக்காரர் முதலாவது கட்சி. மாமா இரண்டாவது கட்சி. மூன்றாவது கட்சியில் அத்தையும் நானும் இருந்தோம். கத்தரிக்காயையே கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதவர்கள் நாங்கள்.

படத்தில் எல்லா ஸ்டாண்டும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. பளபளவென்று சிவப்போ நீலமோ பூசி, "450 கிலோ தாங்கும்" என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். "நம் எஞ்சின் 150 கிலோ, இது 450 தாங்கும். மூன்று மடங்கு! இன்னும் என்ன வேண்டும்?" என்றார் இவர்.

இந்த இடத்தில்தான் நம் குடம் வருகிறது. நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக் கொண்டு இரண்டு தெரு நடந்து விடுவோம். அதே குடத்தைக் கையை முழுக்க நீட்டி ஒரு நிமிஷம் பிடியுங்கள், பார்க்கலாம். குடத்தின் எடை கூடிவிடவில்லை. உடம்பிலிருந்து தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். தோள்பட்டை கழன்று விடும் போல் இருக்கும். எஞ்சின் ஸ்டாண்டு காலமெல்லாம் கையை நீட்டிக் குடம் பிடித்துக் கொண்டிருக்கிற பிராணி. எஞ்சினின் முதுகுதான் தட்டோடு சேர்ந்திருக்கிறது. அதன் பாரமெல்லாம் அங்கிருந்து ஒரு முழம் தள்ளி, காற்றில் இருக்கிறது. அந்த ஒரு முழம் ஒன்றரை முழமானால் கழுத்தின் மேல் விழும் இழுப்பும் ஒன்றரைப் பங்காகும். ஆகையால் சீட்டில் போட்டிருக்கும் எண் சமதரையில், பாரம் தட்டுக்கு அருகில், ஆடாமல் அசையாமல் நிற்கிற போது உண்மையாக இருக்கலாம். ஸ்பேனரைப் போட்டு மாமா இழுக்கிற போது என்ன ஆகும் என்பதைச் சீட்டு சொல்லாது. எஞ்சின் எடையைப் போல் இரண்டு மடங்காவது எண் இருக்க வேண்டும். மூன்று மடங்கு உத்தமம். ஆனால் அது நுழைவுச் சீட்டுத்தான். பரீட்சை அதற்கப்புறம்.

பரீட்சையில் முதல் கேள்வி கால்கள். மலிவான ஸ்டாண்டுகளுக்கு மூன்று இடத்தில்தான் தரை படும். பின்னால் குறுக்குச் சட்டத்தில் இரண்டு சக்கரம், முன்னால் நீண்ட ஒற்றைக் காலின் நுனியில் ஒன்று. ஆங்கில டி எழுத்தைத் தரையில் படுக்க வைத்த மாதிரி. கொஞ்சம் நல்லவற்றுக்கு நாலு கால். முன்னாலும் இரண்டு சக்கரம் அகலமாக விரிந்திருக்கும். மாமா இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "முக்காலி ஆடாது, ஆனா கவிழும்; நாற்காலி ஆடும், ஆனா கவிழாது." மேடு பள்ளத் தரையில் முக்காலி மூன்று காலையும் ஊன்றிக் கொண்டு ஆடாமல் நிற்கும். அதை நம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தால்தான் அதன் குணம் தெரியும். எஞ்சினை ஸ்டாண்டில் வைத்துப் பக்கவாட்டில் சுழற்றுகிறோமே, அது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிற காரியம்தான்.

எங்கள் ஷெட்டின் தரை சமம் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். மாமா என் பிள்ளையிடம் ஒரு கோலிக்குண்டை வாங்கி நடுவில் வைத்தார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு தெருப்பக்கத்துச் சாக்கடையை நோக்கி உருண்டு போய்விட்டது. தண்ணீர் ஓடுவதற்காகக் கொத்தனார் வாட்டம் வைத்துப் பூசியிருக்கிறார். நல்ல கொத்தனார்தான். ஆனால் சக்கரம் வைத்த எதுவும் அந்த வழியே போகத்தான் பார்க்கும். தவிர, சிமெண்டுத் தரையில் விரல் நுழைகிற மாதிரி இரண்டு வெடிப்பு வேறு. சின்னச் சக்கரம் ஒன்று அப்படிப்பட்ட வெடிப்பில் சடக்கென்று நின்று, மேலே இருக்கும் 150 கிலோ நிற்காமல் தன் போக்கில் போகிறது என்று கற்பனை செய்து பாருங்கள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறு சனிக்கிழமை கிளம்பினோம். சென்னையில் பழைய கார் சாமான் என்றால் புதுப்பேட்டை. தெருவின் இரு பக்கமும் கதவுகள், கண்ணாடிகள், அச்சுகள் எல்லாம் குவியல் குவியலாக. யானை ஒன்றைப் பிரித்துப் போட்டால்கூட அங்கே வாங்க ஆள் இருக்கும் போலிருக்கிறது. அந்த வட்டாரத்தில் இரண்டு கடை, வேறு பக்கம் இரண்டு கடை என்று நாலு கடை பார்த்தோம். நூல்கண்டு ஒன்றை நான் கைப்பையில் வைத்திருந்தேன். எஞ்சினின் முதுகிலிருந்து முன்பக்கத்து விசிறிப் புல்லி வரை மாமா அந்த நூலை அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்திருந்தார்.

முடிச்சு எதற்கு என்றால், ஸ்டாண்டின் முன் கால் எஞ்சினின் முகத்தையும் தாண்டி நீண்டிருக்க வேண்டும். தட்டிலிருந்து நூலைப் பிடித்து நுனியைத் தொங்க விட்டால், முன் சக்கரம் அதற்கும் அப்பால் இருக்கிறதா என்று ஒரே பார்வையில் தெரிந்து விடும். முதல் கடையில் இருந்த முக்காலி இந்தப் பரீட்சையில் தப்பித் தவறித் தேறியது. "அம்மா, தினம் பத்து விக்கிறேன், ஒருத்தரும் நூல் பிடிச்சுப் பார்த்ததில்லை" என்றார் கடைக்காரர்.

அத்தை அவரைப் பார்த்து, "தம்பி, எங்க பையன் இதுல கொஞ்சம் சாஞ்சு பார்க்கலாமா?" என்று சாந்தமாகக் கேட்டார். இவர் எடை 75 கிலோ. நம் எஞ்சினில் சரிபாதி. தட்டின் கைகளில் ஒரு பலகையைச் செருகி அதன் நுனியில் இவர் தம் பாரத்தை மெள்ளப் போட்டார். கல்யாணமான பத்து வருஷத்தில் இவருடைய எடை குடும்பத்துக்கு உபயோகப்பட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டாண்டின் கழுத்து கண்ணெதிரே 'ஆமாம் சாமி' என்று தலையாட்டியது. இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்தாரோ இல்லையோ, வலது பின் சக்கரம் தரையை விட்டு எழுந்து விட்டது. கடைக்காரர் ஓடி வந்து பிடித்துக் கொண்டார். அத்தை ஒன்றும் பேசவில்லை. செருப்பைத் தேடினார்.

கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலி ஸ்டாண்டில் கழுத்து கொஞ்சம் அண்ணாந்து இருந்தால் கோணல் சாமான் என்று ஒதுக்கி விடாதீர்கள். பாரம் ஏறியதும் சற்றே தாழ்ந்து மட்டமாகட்டும் என்று வேண்டுமென்றே அப்படிப் பற்றவைக்கிறார்கள். பாரம் இல்லாத போதே குனிந்திருக்கிற கழுத்தைத்தான் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது கடையில் கண்டது பற்றவைப்பு. பெயிண்டு நன்றாக இருந்தது. கழுத்து நிமிர் குழாயோடு சேருகிற இடத்தில் மாமா நகத்தால் சுரண்டிக் காட்டினார். நல்ல வெல்டிங் மீன் செதில் அடுக்கின மாதிரி ஒரே சீராக, இரண்டு இரும்பிலும் கடித்துக் கொண்டு போகும். இங்கே உருண்டை உருண்டையாக ஒட்டிக் கொண்டிருந்தது, நடுநடுவே துளை. இட்லியில் துளை இருந்தால் சந்தோஷம். பற்றவைப்பில் இருந்தால் அபாயம். குழாயின் உள்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள். தகடு 2 மில்லிமீட்டரா 3 மில்லிமீட்டரா என்பது விளிம்பில்தான் தெரியும். வெளியே எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உள்ளே மெல்லிசாக இருக்கலாம். 3-க்குக் குறைந்ததை மாமா தொடவே மாட்டேன் என்று விட்டார்.

மூன்றாவது கடையில் எங்களுக்குப் பதில் சொல்லக்கூட ஆளில்லை. நாலாவது கடையில்தான் நாங்கள் தேடியது இருந்தது. நாலு கால், முன் கால்கள் நூல் முடிச்சையும் தாண்டி ஒரு சாண் நீண்டிருந்தன. சக்கரங்கள் ரூபாய் நாணயம் மாதிரி இல்லாமல் நல்ல பெரிதாக, இரும்பினால் ஆனவை. அவற்றில் இரண்டுக்குக் காலால் அழுத்தினால் பூட்டிக் கொள்ளும் தடை. இவர் பலகையில் சாய்ந்த போது கழுத்து அசைந்ததைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. பக்கவாட்டில் சாய்ந்த போதும் நாலு சக்கரமும் தரையிலேயே இருந்தன. வாடகைக் கிரேனின் கால்கள் ஸ்டாண்டின் கால்களோடு இடித்துக் கொள்ளாமல் உள்ளே நுழையுமா என்றும் அளந்து பார்த்துக் கொண்டோம். இதைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, கிரேனில் எஞ்சின் தொங்கிக் கொண்டிருக்கும் போது யோசித்தால் என்ன பிரயோஜனம்?

அந்தக் கடையில் இரண்டு தினுசு இருந்தன. ஒன்றில், தட்டைச் சுழற்றி வேண்டிய இடத்தில் ஓர் இரும்பு ஆணியைத் துளையில் செருகி நிறுத்த வேண்டும். மற்றதில் ஒரு பல்சக்கரப் பெட்டி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எஞ்சின் அங்குலம் அங்குலமாகத் திரும்பும். கையை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கும். இரண்டாவதற்கு விலை கணிசமாக அதிகம். மாமா, "ஆணி போதும், அநாவசியச் செலவு" என்றார். இங்கே நான் பிடிவாதம் பிடித்தேன். ஆணியை உருவுகிற அந்த ஒரு விநாடியில் எஞ்சின் முழுவதும் ஒரு மனிதரின் கைப்பிடியில் இருக்கிறது. மேல்பாரம் அதிகமாக இருந்தால் அது தானே புரண்டு கொள்ளும். கைப்பிடி அவர் மணிக்கட்டையும் சேர்த்துச் சுழற்றி விடும். வாலிபர்கள், அதுவும் இரண்டு பேராக வேலை செய்கிறவர்கள், ஆணி போட்டதையே வாங்கலாம்; பணம் மிச்சம். தனியாக வேலை செய்கிற எழுபது வயதுக்காரருக்கு ஆணி வேண்டாம். "ஒரு பட்டுப் புடவை குறைஞ்சா குறைஞ்சுட்டுப் போகுது" என்று அத்தை பர்ஸைத் திறந்தார். யாருடைய பட்டுப் புடவை என்று நான் கேட்டுக் கொள்ளவில்லை.

ஸ்டாண்டு வந்து விட்டது. ஆனால் எஞ்சினையும் ஸ்டாண்டையும் சேர்த்துப் பிடிக்கப் போவது விரல் பருமனுள்ள நாலு போல்ட்டுகள். ஆயிரக்கணக்கில் ஸ்டாண்டுக்குக் கொடுத்துவிட்டு, போல்ட்டுக்கு மட்டும் வீட்டிலுள்ள துருப்பிடித்த டப்பாவைத் துழாவுகிறவர்கள் இருக்கிறார்களாம். அம்பாஸடர் எஞ்சினில் இருப்பது அங்குலக் கணக்கில் வெட்டிய மரை. இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மில்லிமீட்டர் மரை. பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும். "பலமா முடுக்கினா போயிடும்" என்பார்கள். போகும், எஞ்சினின் மரையையும் தின்று கொண்டு போகும். ஆகவே கழற்றின பழைய போல்ட்டையே கையில் கொண்டு போய் அதே மரையில், ஸ்டாண்டுக் கையின் கனத்துக்குத் தக்கபடி நீளம் கூட்டி வாங்க வேண்டும். விரலாலேயே சுற்றி உள்ளே போக வேண்டும். போல்ட்டின் பருமனைப் போல் ஒன்றரை மடங்காவது எஞ்சினுக்குள் இறங்கியிருக்க வேண்டும். அங்குல போல்ட்டின் தலையைப் பாருங்கள். கோலப்புள்ளியிலிருந்து கிளம்பின மாதிரி மூன்று கோடு இருந்தால் நல்ல எஃகு, ஆறு கோடு இருந்தால் இன்னும் உயர்த்தி. மொட்டைத் தலையாக இருந்தால் அதைத் துணி காயப் போடும் கம்பிக்கு வைத்துக் கொள்ளலாம்.

போல்ட்டு தேவைக்கு மேல் நீளமாக இருந்து, நடுவில் குழாய்த் துண்டு கொடுத்து எஞ்சினைத் தட்டிலிருந்து தள்ளி நிறுத்துவதும் கூடாது. மறுபடியும் அந்தக் குடம்தான். இடுப்போடு எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. நாலு கைகளையும் நகர்த்தி, சுழல்கிற தண்டு எஞ்சின் பாரத்தின் மையத்துக்கு நேராக வருகிற மாதிரி பார்த்துக் கொள்ள வேண்டும். வார்ப்பு இரும்பு ஹெட்டு மேலே உட்கார்ந்திருப்பதால் இந்த எஞ்சினில் மையம் சற்று மேலே தள்ளியிருக்கும். ஹெட்டைக் கழற்றியதும் கீழே இறங்கி விடும். பல்சக்கரப் பெட்டி இருந்ததால் எங்களுக்கு இதில் சிரமம் தெரியவில்லை.

இன்னொன்று: பின்பக்கத்தில் தட்டு வந்து உட்கார்ந்து விடுவதால், கிளட்சையும் பிளைவீலையும் அதற்கு முன்பே கழற்றியாக வேண்டும். எஞ்சின் கிரேனில் தொங்கும் போதே அதைச் செய்து விட்டு, போல்ட்டுகளை முடுக்கிய பிறகும் கிரேனின் சங்கிலியை உடனே அவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார் மாமா. ஒரு விரற்கடை தளர்த்துவார், கழுத்தைப் பார்ப்பார், சக்கரத்தைப் பார்ப்பார், மறுபடியும் ஒரு விரற்கடை. முழுப் பாரமும் ஸ்டாண்டுக்கு வருவதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. அவ்வளவு நேரமும் நாங்கள் யாரும் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

வெல்டிங் கடைக்காரரையும் நாங்கள் ஏமாற்றவில்லை. மேலும் கீழும் திருகி உயரம் மாற்றக் கூடிய ஒற்றைக் கால் முட்டு ஒன்றை அவரிடம் செய்து வாங்கினோம். எஞ்சினைத் தொடாமல் விட்டு வைக்கிற நாட்களில் அதன் முகத்துக்கு அடியில் இந்த முட்டு நிற்கும். முன்பக்கத்துப் புல்லியின் நட்டு மாதிரி நீண்ட பைப்பைப் போட்டு இழுக்க வேண்டிய முரட்டு வேலைகளிலும் அப்படியே. சரிவான தரைக்காகச் சக்கரங்களின் இரு பக்கமும் மர ஆப்பு. வெடிப்புகளைச் சிமெண்டு வைத்து அடைத்து விட்டோம். ஆயில் சொட்டுவதற்கு மரத்தூள் நிரப்பின தகரத் தட்டு. முதலில் மாமா சமையலறைத் தாம்பாளத்தைத்தான் கேட்டார். அந்தச் சம்பாஷணையை இங்கே எழுதுவதாக இல்லை.

கடைசியாக அத்தை வந்து, கோலமாவை எடுத்து ஸ்டாண்டைச் சுற்றி மூன்றடி தள்ளி ஒரு கட்டம் போட்டார். "இதுதான் கோடு. தாத்தா கூப்பிடாம யாரும் தாண்டக் கூடாது. தாத்தா இல்லாத நேரத்துல ஷெட்டுக்குப் பூட்டு." சாவி அத்தையின் இடுப்பிலேயே இருந்தது. தினமும் காலையில் வாசல் கோலத்தோடு இந்தக் கோட்டையும் புதுப்பித்து விடுவார்.

எஞ்சினை முதல் முதலாகத் தலைகீழாகத் திருப்பின நாள் ஞாயிற்றுக்கிழமை. சம்ப்பைக் கழற்றியதும் கிராங்க் ஷாப்ட் பளிச்சென்று தெரிந்தது. 1978-க்குப் பிறகு அது வெளிச்சத்தைப் பார்ப்பது இரண்டாவது தடவையாம். மாமா ஒரு கையில் சுத்தியும் ஒரு கையில் உளியுமாக நிமிர்ந்து நின்று, பேரிங் மூடிகள் மூன்றிலும் இடம் மாறிப் போகாமல் இருக்க ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று அடையாளம் குத்திக் கொண்டிருந்தார். கோட்டுக்கு வெளியே குந்தியிருந்த என் பிள்ளை, "தாத்தா, நாலாவது சிலிண்டருக்கு மூடி இல்லையா?" என்று கேட்டான். மாமா உளியைக் கீழே வைத்து விட்டு, "உள்ளே வா, காட்டறேன்" என்றார். அவன் பாட்டியின் முகத்தைப் பார்த்தான். அத்தை ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நாலு ஆப்பையும் காலால் தட்டிப் பார்த்து விட்டு, "சரி, போ" என்றார்.